சாரதியில்லா வண்டியின் சுக்கான்

சாரதியின்றித் தானே ஓடும் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் கண்ணையும் மூளையையுமே வியந்து பேசுவர். ஒளிப்படக் கருவி பாதையின் ஓரத்தை எவ்வாறு காண்கின்றது, கணனி அடுத்த வளைவை எவ்வாறு கணிக்கின்றது என்பனவே உரையாடலின் பொருளாக அமையும். அவை வியத்தற்குரியனவே. ஆயினும் கண்டும் கணித்தும் முடிந்தபின், எங்கோ ஓரிடத்தில் ஓர் இரும்புத் தண்டு சுழலுதல் வேண்டும். அத்தண்டோடு முன் சில்லுகள் இரண்டும் வேண்டிய அளவில், வேண்டிய கணத்தில் திரும்புதல் வேண்டும். மனிதனின் கை எண்ணிப்பாராமலே செய்துவரும் இத்தொழிலை மோட்டரொன்றிடம் ஒப்படைக்கப் புகும்போதுதான், அஃது அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

இதனை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற வண்டி கோ-கார்ட்டு. கலிபோர்ணியாவில் ஓட்டப்பந்தயக் கார்களைக் கட்டுந் தொழிலில் இருந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறிக்கென ஆக்கப்பட்ட சிறிய எஞ்சினொன்றைக் குழாய்ச்சட்டம் ஒன்றிற் பொருத்தி, 1956 ஆம் ஆண்டிலே முதலாவது கார்ட்டை ஓட்டிக் காட்டினார். அதற்குக் கூரையுமில்லை, அதிர்ச்சி தாங்கும் வில்லுகளுமில்லை. நான்கு சில்லு, ஒரு சட்டம், ஓர் ஆசனம், ஒரு சுக்கான் என்பவற்றோடு வண்டி முடிந்துவிடுகின்றது. எஞ்சினை நீக்கி மின்மோட்டரும் பற்றரியும் வைத்தால் அது மின்கார்ட்டு. மறைந்து கிடக்கும் உறுப்பு ஒன்றேனும் இல்லாமையால், பொறியியல் மாணவர் கைவைத்துக் கற்பதற்கு இதனினும் வெளிப்படையான வண்டி கிடைப்பது அரிது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பேர்டியூப் பல்கலைக்கழகம் மாணவருக்கென நடத்திவரும் மின்கார்ட்டுப் பந்தயத்தில், சாரதியில்லா வண்டிகளுக்கென ஒரு பிரிவு பின்னர்ச் சேர்க்கப்பட்டமைக்கும் இதுவே காரணம் எனலாம்.

விளையாட்டு வண்டிதானே என்று இதனை இலேசாக எண்ணுதல் தகாது. பற்றரியும் கருவிகளும் ஏற்றிய மின்கார்ட்டு ஒன்றின் திணிவு 180 கிலோகிராம் எனவும், அதன் கதி செக்கனுக்கு 10 மீற்றர், அஃதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் எனவும் கொள்க. அதன் இயக்கச் சத்தி 9000 யூல் ஆகும். அதே வண்டியை 5 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலிருந்து நிலத்தில் விழவிட்டால், நிலத்தைத் தொடும்போது அதனிடம் இருக்கும் சத்தியும் இவ்வளவே. ஆசனத்தில் ஆளில்லை, ஆதலின் ஆபத்தைக் கண்டு கைகாலை அசைப்பதற்கும் அங்கு எவருமில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் நிற்பவரோ மாணவர்.

வண்டியை ஆளும் உறுப்புகள் மூன்று: ஆர்முடுக்கி, பிறேக்கு, சுக்கான். இவற்றுள் முதலிரண்டிற்கும் ஆபத்தில்லா நிலை என ஒன்று உண்டு. ஆர்முடுக்கியை விடுத்துவிட்டால் வண்டி மெலிந்து நிற்கும். பிறேக்கை அழுத்தியே வைத்திருந்தால் வண்டி நின்றுவிடும். ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1872 இல் புகையிரதத்திற்கு அமைத்த தன்னியக்கக் காற்றுப் பிறேக்கின் நுட்பம் இதுவே. குழாய் வெடித்துக் காற்று வெளியேறினால் பிறேக்கு விடுபடுவதில்லை. அதற்கு மாறாகப் பிடித்துக்கொள்ளும். பழுதே பாதுகாப்பாக மாறும்படி அவர் அதனை அமைத்தார். சுக்கானுக்கோ அத்தகைய நிலை யாதும் இல்லை. நேராக நிற்றல் நேர்ப்பாதையில் நன்று. வளைவில் அதுவே கேடு. வளைந்து நிற்றல் வளைவில் நன்று. வளைவு முடிந்த இடத்தில் அதுவே கேடு. மோட்டரால் இயங்கும் சுக்கானை அமைப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் பெரும்பாலும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மோட்டரைத் தெரிவதன்முன் அது திருப்பவேண்டிய பொறியை அறிதல் வேண்டும். கோயிற்றேரின் சில்லுகளைப் பக்கமாகத் திருப்புவதற்கு வழியில்லை. ஒருபுறத்துச் சில்லின்கீழ்க் கட்டையை இட்டு அதனைத் தடுத்து, மறுபுறத்தை முன்செல்லவிட்டே தேரின் திசையை மாற்றுவர். மாட்டுவண்டியில் ஏர்க்காலே அச்சை இழுத்துத் திருப்பும். குதிரை வண்டியின் முன்னச்சு முழுவதும் நடுவிலுள்ள ஆணியைச் சுற்றித் திரும்பும். இவற்றிலிருந்து வேறுபட்டு, அச்சை அசைக்காது இருமுனைகளிலுமுள்ள சில்லுகளை மாத்திரம் தனித்தனி ஆணிகளிற் றிருப்பும் முறையை மியூனிக் நகரத்து வண்டிகட்டுநர் கேயோர்க் லங்கென்ஸ்பேர்கர் கண்டார். இலண்டனில் அதற்கு 1818 இல் காப்புரிமை பெற்றவர் றுடோல்ப் அக்கர்மன். கண்டவர் பெயர் மறைய, பதிந்தவர் பெயரே அம்முறைக்கு நிலைத்துவிட்டது. இம்முறையில் இரு சில்லுகளும் ஒரே அளவு திரும்பலாகாது. முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் இடைத்தூரம் 1.05 மீற்றரும், முன் ஆணிகள் இரண்டிற்கும் இடைத்தூரம் 1 மீற்றருமாயுள்ள கார்ட்டு, 5 மீற்றர் ஆரையுள்ள வளைவிற் செல்லும்போது, உட்சில்லு ஏறக்குறைய 13 பாகையும் வெளிச்சில்லு ஏறக்குறைய 11 பாகையும் திரும்புதல் வேண்டும். இழுகோல்களும் புயங்களும் அமைந்துள்ள சாய்வே இவ்வேறுபாட்டைத் தருகின்றது. ஆகவே மோட்டரைப் பொருத்துவதற்கு இடம் போதவில்லையென்று இழுகோலை வெட்டியும் நீட்டியும் மாற்றுவது அறியாமையாகும்.

கார்ட்டுக்குரிய தனிச் சிறப்பு இன்னொன்றும் உண்டு. அதன் பின் சில்லுகள் இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டவை. காரில் உள்ளதுபோல, வளைவில் ஒரு சில்லு விரைந்தும் மற்றையது மெலிந்தும் சுழல்வதற்கான வேறுபாட்டுப் பற்சில்லு இதில் இல்லை. எனவே வளைவில் ஒரு சில்லு தரையைத் தேய்த்தே தீரவேண்டும். இதனைத் தவிர்க்க முன் ஆணிகளைச் சாய்த்து வைத்துள்ளனர். சுக்கானைத் திருப்பியவுடன் முன்புறத்தின் உட்சில்லு சற்றுக் கீழிறங்கும். அதனாற் சட்டம் முறுகி, பின்புறத்தின் உட்சில்லு தரையைவிட்டு மயிரிழையளவு எழும்பும். சுக்கான் பிடிப்பவரின் கை, சில்லைத் திருப்புவதோடு நில்லாது வண்டியின் ஒரு மூலையையே தூக்குகின்றது என்பது இதனாற் பெறப்படும். சிறிய வண்டியாயினும் கார்ட்டின் சுக்கான் கைக்குப் பாரமாயிருப்பதன் காரணம் இதுவே.

சுக்கானைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் கப்பலிலே தோன்றியது. 'கிரேட் ஈஸ்ரேண்' என்னும் மாபெருங் கப்பலின் சுக்கானைத் திருப்புவதற்குப் பலருடைய கைவலு வேண்டியிருந்தது. 1860களில் மக்ஃபார்லேன் கிறே என்பவர் அதற்கு நீராவிப் பொறியொன்றை அமைத்தார். மாலுமி வளையத்தைத் திருப்பியதும் பொறி இயங்கத் தொடங்கும். சுக்கான் அவ்வளவு திரும்பியதும் பொறியின் வாயிலைத் தானே அடைத்துக்கொள்ளும். செய்யச் சொன்னதற்கும் செய்து முடித்ததற்குமுள்ள வேறுபாட்டைப் பொறியே உணர்ந்து அதற்கேற்ப நடத்தல் என்னும் இக்கருத்துத்தான் இன்று பின்னூட்டல் எனப்படுகின்றது. பிரான்சிய பொறியியலாளர் ஃபார்கோ 1873 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பொறிக்கு 'சேர்வோ-மோட்டர்' என்று பெயரிட்டார். ஏவலாள் என்னும் பொருளைத் தழுவிய அப்பெயர் மிகப் பொருத்தமானது.

தரையில் இம்முயற்சி நெடுங்காலம் பிந்தியே கைகூடிற்று. 1995 இல் கார்ணெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களாகிய டீன் பொமெர்லோ, ரொட் யோக்கெம் ஆகிய இருவரும் தம் வண்டியில் அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறுகரை நோக்கிக் கடந்தனர். 2849 மைல் கொண்ட அப்பயணத்தில் நூற்றுக்கு 98.2 பங்கு தூரம் சுக்கானைத் திருப்பியது பொறியே. அங்கு கருதத்தக்கது யாதெனின், ஆர்முடுக்கியும் பிறேக்கும் மனிதரின் காலடியிலேயே இருந்தன என்பதாகும். சுக்கான் பிழைத்தாற் பிறேக்கு உண்டு. பிறேக்கின்மேற் கால் உண்டு. ஆளில்லாக் கார்ட்டில் அந்தக் கால் இல்லை. அதன் வேலையையும் அமைப்பாளரே முன்னரே சிந்தித்துச் செய்து வைத்தல் வேண்டும்.

இனி மோட்டரைத் தெரியும் முறையை நோக்குக. காரின் கண்ணாடி துடைக்கும் மோட்டரைக் கழற்றிப் பொருத்திப் பார்ப்போரும் உளர். பழைய காரின் மின்சுக்கான் மோட்டரை நாடுவோரும் உளர். இரண்டும் குற்றமன்று, ஆனால் வேண்டிய முறுக்கம் எவ்வளவு என்று அளந்து பாராமற் பொருத்துவது குற்றம். அளப்பதற்கோ பெருங்கருவி வேண்டியதில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்து விற்றராசு போதும். வண்டியைச் சொரசொரப்பான சீமெந்துத் தரையில் நிறுத்தி, கருவிகள் யாவற்றையும் ஏற்றி, சுக்கான் வளையத்தின் விளிம்பில் விற்றராசை மாட்டித் தொடுகோட்டுத் திசையில் இழுத்தல் வேண்டும். வளையத்தின் ஆரை 15 சதமமீற்றராகவும், சில்லுகள் அசையத் தொடங்கும்போது தராசு 14 கிலோகிராம் நிறையைக் காட்டுவதாகவும் கொண்டால், முறுக்கம் ஏறக்குறைய 20 நியூற்றன்-மீற்றர் ஆகும். ரயரின் காற்று குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு விரியும், முறுக்கமும் கூடும். ஆகவே காற்றுக் குறைந்த நிலையிலும் ஒருமுறை அளத்தல் நன்று. நிற்கும் வண்டியின் சில்லைத் திருப்புதலே மிகக் கடினம்; உருளத் தொடங்கியதும் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஓடும்போது திருப்பினாற் போதுமே, நிற்கும்போது ஏன் திருப்பவேண்டும் என்று வாதிப்பவர், பந்தயத்தின் தொடக்கக் கோட்டிற் சில்லு கோணலாய் நின்றுவிட்ட வண்டியை நினைத்துக்கொள்வாராக.

தேய்வுக்கும் தாக்கத்திற்கும் இடம்விட்டு இவ்வளவை இரட்டித்து 40 நியூற்றன்-மீற்றர் எனக் கொள்க. வேகத்தைப் பொறுத்தவரை, நேர்நிலையிலிருந்து 60 பாகையை அரைச் செக்கனிற் றிருப்புதல் வேண்டுமாயின், தண்டு செக்கனுக்கு 120 பாகை, அஃதாவது நிமிடத்திற்கு 20 சுற்று, சுழலவேண்டும். முறுக்கத்தையும் கோணவேகத்தையும் பெருக்க வருவது 84 வாற்று. பற்சில்லும் மோட்டரும் விழுங்குவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 170 வாற்று. 24 வோற்றுப் பற்றரியிலிருந்து 7 அம்பியர். ஆயின் இக்கணக்கை மட்டும் நம்பிக் கம்பியைத் தெரிபவர் அதனைக் கருக்கிவிடுவர். சில்லு ஓரக்கல்லில் முட்டிச் சுழலமுடியாது நின்றால், மோட்டரின் சுருளிலுள்ள தடையைத் தவிர மின்னோட்டத்தை மறிப்பது வேறொன்றுமில்லை. சுருளின் தடை அரை ஓம் எனின் அப்போது பாய்வது 48 அம்பியர். கம்பி, உருகி, மோட்டரை ஆளும் இலத்திரன் சுற்று ஆகிய மூன்றும் இதற்கே அமைதல் வேண்டும். அல்லது மின்னோட்டத்தை அளந்து வரம்பிலே நிறுத்தும் ஏற்பாடு வேண்டும்.

நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழலும் சிறிய மோட்டரை 20 சுற்றாகக் குறைக்க 150க்கு 1 என்னும் விகிதத்தில் பற்சில்லு வேண்டும். இவ்விடத்தில் அமைப்பாளர்முன் இரு வழிகள் பிரிகின்றன. ஒன்று திருகுப் பற்சில்லு. சிறிய இடத்தில் பெருவிகிதத்தைத் தரும், மலிவானது, ஒலியுங் குறைவு. அதன் இயல்பு யாதெனின், திருகு பற்சில்லைச் சுழற்றும்; பற்சில்லு திருகைச் சுழற்றாது. ஓரக்கல்லில் அடிபட்ட சில்லு மோட்டரைப் பின்னோக்கித் தள்ளமுடியாது என்பது நயம். அதே காரணத்தால், மனிதன் ஆசனத்தில் அமர்ந்து வளையத்தைப் பிடித்தாலும் அதனைத் திருப்பமுடியாது என்பது நட்டம். இவ்வாறு தானே பூட்டிக்கொள்ளும் திருகின் திறன் நூற்றுக்கு 50இற்கும் குறைவு என்பதும் நினைவிலிருக்கத்தக்கது.

மற்றைய வழி, சற்றுப் பெரிய மோட்டரை எடுத்துச் சிறிய விகிதத்தோடு பொருத்துதல். மோட்டரின் உட்சுழலியின் சடத்துவம் சுக்கான் தண்டில் விகிதத்தின் வர்க்கத்தாற் பெருகித் தோன்றும் என்பது இயக்கவியல் விதி. விகிதம் 150 எனின் பெருக்கம் 22,500; விகிதம் 30 எனின் 900. முன்னையதில், உள்ளங்கையில் அடங்கும் சுழலிகூடக் கைக்குப் பாறையாகத் தோன்றும். பின்னையதில், மின் அற்றபோது மனிதக் கை அதனை வெல்லும். சோதனைக் காலத்தில் ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருக்கப் போகின்றாராயின், இவ்விரண்டாம் வழியே தெரியத்தக்கது. விலை சற்று அதிகம். பற்றரி செலவிடுவதும் அதிகம். எனினும் மனிதக் கைக்கு அடங்காத மோட்டரின் அருகில் மனிதனை அமர்த்துவதைவிட அச்செலவு பொறுக்கத்தக்கதே. ஓரக்கல்லின் அடி நேரே பற்சில்லின் பல்லில் விழாதபடி, மோட்டருக்கும் தண்டிற்கும் இடையே பற்கள் வார்க்கப்பட்ட றப்பர்ப் பட்டியை இடுவது வழக்கம். பல் முறிவதைவிடப் பட்டி சற்று இசைந்துகொடுப்பது மேல்.

அடுத்துக் கருதவேண்டியது தளர்வு. தண்டை அசைத்தும் சில்லு அசையாதிருக்கும் அச்சிறு இடைவெளியைப் பணிமனைகளில் 'பிளே' என்பர். காரில் வளையம் ஏறக்குறைய 15 பாகை திரும்பினாற் சில்லு 1 பாகை திரும்பும். ஆகவே வளையத்தில் உள்ள தளர்வு சில்லிற் பதினைந்தில் ஒன்றாகிவிடும். கார்ட்டிலோ தண்டின் அடியிலுள்ள சிறுபுயம் நேரே இழுகோல்களைத் தள்ளுவதால், தண்டும் சில்லும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சமமாகவே திரும்பும். தண்டின் பிழை குறையாது சில்லுக்குச் செல்லும். அது 1 பாகை மட்டுமே எனக் கொள்க. 1.05 மீற்றர் நீளமுள்ள அச்சிடைத் தூரத்திற்கு 1 பாகை, 60 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தைக் குறிக்கும். நேரே செல்வதாக எண்ணி 20 மீற்றர் ஓடிய வண்டி, உண்மையில் 3.3 மீற்றர் பக்கமாக விலகியிருக்கும். செக்கனுக்கு 10 மீற்றர் கதியில் இதற்கு ஆகும் நேரம் இரண்டே செக்கன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் ஒன்று வண்டியைப் பாதையினின்றும் வெளியேற்றிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனவே சுக்கான் எங்கு நிற்கின்றது என்பதை அறியும் உணரியை எங்கே வைப்பது என்னும் வினா எழுகின்றது. மோட்டரின் பின்புறத்தில் வைத்தால் நுண்மையாக அளக்கலாம். ஆனால் பற்சில்லிலும் பட்டியிலும் உள்ள தளர்வை அவ்வுணரி அறியாது. மோட்டர் சொல்வதை நம்பி, சில்லு வேறெங்கோ நிற்கும். சில்லின் ஆணியில் வைத்தால் உண்மை தெரியும். ஆனால் அப்போது தளர்வு முழுவதும் பின்னூட்டல் வளையத்தினுள் அகப்பட்டுவிடுவதால், மோட்டர் இங்குமங்கும் தேடியலையும் நோய்க்கு ஆளாகும். கைதேர்ந்தோர் இரண்டிடத்திலும் வைப்பர்: வேகத்தை மோட்டரிலும் நிலையைத் தண்டின் அடியிலோ ஆணியிலோ அளப்பர். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படின், எங்கோ ஓர் ஆணி கழன்றுவிட்டது அல்லது பட்டி அறுந்துவிட்டது என்பதும் அதனால் தெரியவரும்.

உணரியின் வகையும் முக்கியமானது. நகர்ந்த அளவை மட்டும் எண்ணும் உணரிக்கு, மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தெரியாது. சில்லு 10 பாகை வளைந்து நிற்கும்போது மின் கொடுத்தால் அதனையே நேர்நிலை எனக் கொண்டு புறப்படும். நிலையை எப்போதும் உள்ளபடி சொல்லவல்ல காந்த உணரியே சுக்கானுக்குத் தக்கது. ஒரு சுற்றை 4096 பங்காகப் பிரிக்கும் உணரி 0.09 பாகையை வேறுபடுத்தும், அது போதும். எனினும் எது நேர்நிலை என்பதை அவ்வுணரிக்குக் கற்பிக்க மனிதர் ஒருவர் வேண்டும். வண்டியைக் கையால் தள்ளி, நூல் பிடித்தாற்போல அது நேரே உருளும்போது உணரி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வதே நம்பத்தக்க முறை. சில்லைக் கண்ணால் பார்த்து நேராக்குவோர் ஒரு பாகை பிழைத்துவிடுவர். ஒரு பாகையின் விலை மேலே கூறப்பட்டது.

மோட்டரை எவ்வாறு ஆளுவது என்பதற்கு விடை மீண்டும் கடலிலிருந்தே வருகின்றது. ரஷ்யாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நிக்கலஸ் மினோர்ஸ்கி, கப்பலைத் தானே செலுத்தும் பொறியை ஆராயப் புகுந்து, தேர்ந்த சுக்கானியர் எவ்வாறு தொழில் செய்கின்றனர் என்று நோக்கினார். கப்பல் திசை தவறிய அளவை மட்டும் பார்த்து அவர்கள் சுக்கானைத் திருப்புவதில்லை. தவறு எவ்வளவு விரைவாகக் கூடுகின்றது அல்லது குறைகின்றது என்பதையும் பார்த்து, கப்பல் வழிக்கு வருமுன்னரே சுக்கானைத் தளர்த்துகின்றனர். காற்று ஒருபுறமாக ஓயாது தள்ளினால், நெடுநேரம் சேர்ந்த சிறு தவறுகளைக் கருதிச் சுக்கானை நிலையாகச் சற்றே சாய்த்தும் வைக்கின்றனர். அளவு, மாறும் விரைவு, சேர்ந்த தொகை என்னும் இம்மூன்றையும் கணித வடிவில் அமைத்து 1922 இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், 'நியூ மெக்சிக்கோ' என்னும் போர்க்கப்பலில் நிகழ்ந்த சோதனைகளும் இன்றைய கட்டுப்பாட்டு இயலுக்கு அடிப்படையாயின. பெரும் பொறிகளின் இரகசியம் பொறியில் அன்றி, தொழிலறிந்த மனிதனின் கையிலே கண்டெடுக்கப்பட்டது என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

கார்ட்டிலும் அவை மூன்றுமே வேலை செய்கின்றன. தவறின் அளவுக்கு ஏற்பத் திருப்பும் உறுப்பை மட்டும் வைத்து அதனை மிகைப்படுத்தினால், சில்லு வேண்டிய கோணத்தைத் தாண்டிச் சென்று, திரும்பி வந்து, மறுபடியும் தாண்டும். வண்டி பாம்புபோல நெளிந்து செல்லும். விரைவைக் கருதும் உறுப்பு இவ்வலைவைத் தணிக்கும். சேர்ந்த தொகையைக் கருதும் உறுப்பு, உராய்வினாற் சற்றே குறைந்து நிற்கும் சில்லை எஞ்சிய தூரமும் தள்ளிவிடும். இம்மூன்றாவது உறுப்பில் ஒரு சூது உண்டு. சில்லு ஓரக்கல்லில் முட்டி நிற்க, தவறு நீங்காது; தொகை செக்கனுக்குச் செக்கன் பெருகும். கல்லினின்று விடுபட்டதும், சேர்த்து வைத்த சினம் முழுவதையும் கொட்டுவதுபோல மோட்டர் சில்லை மறுகோடிவரை எறிந்துவிடும். ஆகவே மோட்டர் தன் வலுவின் எல்லையை அடைந்ததும் தொகை சேர்வதை நிறுத்திவிடவேண்டும்.

வேறொரு எல்லையும் வேண்டும். மெதுவாகச் செல்லும்போது சில்லை எவ்வளவும் திருப்பலாம். செக்கனுக்கு 10 மீற்றர் கதியில் 6 பாகை திருப்பினால் வளைவின் ஆரை 10 மீற்றர். மையநாட்ட ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்திற்கு 10 மீற்றர். அஃது ஏறக்குறையப் புவியீர்ப்பு ஆர்முடுகலுக்குச் சமன். சாதாரண றப்பரின் பிடிப்பு அவ்வளவில் முடிந்துவிடும். அதற்குமேல் திருப்பினாற் சில்லு திரும்பும், வண்டி திரும்பாது. ஆதலின், கணனி எவ்வளவு கேட்டாலும், கதி கூடக்கூடத் திருப்பக்கூடிய கோணத்தைக் குறைத்துக்கொள்ளும் அறிவு சுக்கானின் கட்டுப்பாட்டிலேயே இருத்தல் வேண்டும். வழியறியும் கணனி பிழைபடக் கேட்கும் என்றே எண்ணி அமைப்பது நலம்.

இனி, எல்லாம் கெட்டுவிட்ட கணத்தை நோக்குவோம். வண்டி செக்கனுக்கு 10 மீற்றர் கதியில், 20 மீற்றர் ஆரையுள்ள வளைவில், 3 பாகை திருப்பிய சில்லோடு செல்கின்றது. சுக்கான் மோட்டருக்குச் செல்லும் மின் அறுகின்றது. பழுதை உணர்ந்து பிறேக்குப் பிடிக்க 0.2 செக்கனும், பின்னர்ச் செக்கன் வர்க்கத்திற்கு 4 மீற்றர் என்னும் அமர்முடுகலும் கொண்டால், நிற்பதற்குள் வண்டி 14.5 மீற்றர் ஓடிவிடும். திருகுப் பற்சில்லு பூண்ட வண்டியில் சில்லு அதே 3 பாகையிற் பூட்டுண்டு நிற்கும். வளைவு அவ்விடத்தில் முடிந்து பாதை நேராகுமாயின், வண்டி பாதையிலிருந்து 5 மீற்றர் உட்புறமாக விலகி நிற்கும். பின்தள்ளக்கூடிய பற்சில்லு பூண்ட வண்டியிலோ, ஆணியின் சாய்வினாற் சில்லு தானே நேராகிவிடும். வளைவு தொடருமாயின், வண்டி நேரே சென்று 4.7 மீற்றர் வெளிப்புறமாக விலகி நிற்கும். ஒன்று 5, மற்றையது 4.7! எந்தப் பற்சில்லைத் தெரிந்தாலும் தீங்கின் அளவு ஏறக்குறைய ஒன்றே. தீங்கு நேரும் பக்கமே வேறு. சுக்கானுக்கு ஆபத்தில்லா நிலை இல்லை என்று தொடக்கத்திற் கூறியதன் பொருளை இவ்விரண்டு எண்களும் காட்டுகின்றன.

அதனாற் சுக்கானின் பாதுகாப்பைச் சுக்கானுக்கு வெளியே, பிறேக்கிலேதான் தேடவேண்டும். வில்லினால் எப்போதும் பிடித்திருக்கும் பிறேக்கை, மின் உள்ளவரை மின்காந்தம் ஒன்று விலக்கி வைத்திருக்கும். கணனி, ஒவ்வோர் இருபதில் ஒரு செக்கனுக்கும் 'இருக்கின்றேன்' என்று ஓர் அடையாளம் அனுப்பவேண்டும். ஒன்று தவறினாலும் காந்தத்தின் மின் அறும். வில்லு பிறேக்கைப் பிடிக்கும். உணரி இரண்டும் முரண்பட்டால், கேட்ட கோணத்திற்கும் அடைந்த கோணத்திற்கும் உள்ள வேறுபாடு குறித்த நேரத்திற்குமேல் நீடித்தால், தூரத்தில் நிற்பவர் கையிலுள்ள வானொலிப் பொத்தானை அழுத்தினால், அல்லது அந்த வானொலித் தொடர்பே அற்றுப்போனால், நிகழ்வது இதுவே. மோட்டருக்கும் பிறேக்கின் காந்தத்திற்கும் மின் செல்லும் வழிகள் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும். எனினும் ஒரே உருகியில் இரண்டையும் இணைக்கும் ஆசை, கம்பி சுற்றும் இரவில் எவருக்கும் எழுவதுண்டு.

சோதிக்கும் முறையும் இதற்கேற்ப அமையும். முதலில் முன் சில்லுகள் தரையைத் தொடாதவாறு வண்டியைத் தாங்கியில் ஏற்றிச் சுக்கானை மட்டும் இயக்குவர். பின்னர் அதனைத் தரையிலிறக்கி, நிற்கும் நிலையிலேயே திருப்பிப் பார்ப்பர். அதன்பின் ஒருவரை ஆசனத்தில் அமர்த்தி, நடக்கும் கதியிற் செலுத்துவர். செக்கனுக்கு 2 மீற்றர் கதியில் மேற்கூறிய பிறேக்கு வண்டியை 0.9 மீற்றருக்குள் நிறுத்திவிடும்; அங்கே பிழைப்பதற்கு இடமுண்டு. இக்கதியில் ஒவ்வோர் உணரியின் கம்பியையும் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொரு முறையும் வண்டி நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். கதியைக் கூட்டும் ஒவ்வொரு படியிலும் இதனையே மீண்டும் செய்வர். ஆசனம் வெறுமையாகும் நாளில், பாதையின் இருபுறமும் 5 மீற்றர் அகலத்திற்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்து, அக்கோட்டினுள் எவரையும் நிற்கவிடார். வண்டி 10 மீற்றர் கதியை எட்டும் நாளில் அக்கோட்டிற்கு அப்பால் பழைய ரயர்களையும் அடுக்கி வைப்பர்.